கேட்டுக் குடியிருந்த வீடு

இத்தாலியச் சட்டத்தில் ஒரு நல்ல விசயம் இருக்கிறது. அடுத்தவருடைய வீட்டில் இருபது வருடம் இருந்துவிட்டால் அது உங்களுடையது. ஒளித்து இருக்கக் கூடாது, சண்டை பிடித்துப் புகுந்திருக்கக் கூடாது, இடையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஊர் பார்க்க, வீட்டுச் சொந்தக்காரரைப் போல இருக்க வேண்டும். அதற்குப் பிறகு நீதிமன்றம் போனால் வீட்டை உங்கள் பெயரில் எழுதித் தருவார்கள். இதற்கு உசுகப்பியோனே என்று பெயர். எங்கள் நாட்டிலும் இந்தச் சட்டம் உண்டு. அங்கே பத்து வருடம் போதும். இத்தாலிக்காரர் எதையும் ஆறுதலாகத்தான் செய்வார்கள்.

யாழ்ப்பாணத்து ஆளுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வருடா வருடம் வேலி அடைக்கும்போது கதியாலைக் கொஞ்சம் தள்ளிப் போடுவதும், அதைப் பார்த்த பக்கத்து வளவுக்காரர் அடுத்த வருடம் திருப்பித் தள்ளுவதும் எங்களுக்குப் பாலோடு வந்த அறிவு. அப்படிப்பட்ட பரம்பரையில் வந்த நான் பலேர்மோவில் ஒரு வீட்டைக் கைக்கெட்டிய தூரத்தில் வைத்துக்கொண்டு கோட்டை விட்டேன். சரியாகச் சொன்னால் கோட்டை விட்டது என் மனைவி.

வீடு பலேர்மோவில் சீசா என்ற பகுதியில் இருக்கிறது. வீதியில் ஒரு பழைய மாடிக் கட்டடம், அதன் பின்னால் முற்றம், முற்றத்தின் மூலையில் இரண்டு அறைகள். கட்டடம் முழுவதும் மாடியில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவுக்குச் சொந்தம்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கணவர் கல்லறைக் கல் செதுக்கியவர். அவர் செத்த பிறகு அந்த இரண்டு அறைகளிலும் விற்காத கற்கள்தான் குடியிருந்தன. நாங்கள் வந்த புதிதில் மனைவி சிஞ்ஞோராவின் படிக்கட்டைக் கழுவப் போவாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். நாங்கள் இன்னும் மூன்று குடும்பத்தோடு ஒரு வீட்டில் நெருக்குப்பட்டுக்கொண்டிருந்தோம். சிஞ்ஞோரா இதைக் கேள்விப்பட்டு அந்த அறைகளின் திறப்பைக் கொடுத்து, "இந்த வருசம் அதிலே இருங்கள்" என்றார். வாடகை என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. நான் எடுப்பேனா?

கற்களை ஒரு பக்கமாக அடுக்கினேன். கூரை ஒழுகியது; ஓடு மாற்றினேன். தண்ணீர்க் குழாய் இழுத்தேன். நிலத்துக்கு மாபிள் பதித்தேன். மின்சாரத்தை என் பெயரில் எடுத்தேன், குப்பை வரியையும் என் பெயரிலேயே கட்டினேன். பெயர் வெட்டாத ஒரு கல்லறைக் கல்லைக் குசினியில் மேசையாகப் போட்டோம். நல்ல கல். இன்றைக்கும் அதில் வைத்துத்தான் தேங்காய் துருவுகிறோம். பிள்ளைகள் இரண்டும் அந்த வீட்டில்தான் வளர்ந்தன. இப்போது ஒன்று ஜெனோவாவில், ஒன்று லண்டனில். இருபது வருடமும் கடந்தது, நாங்கள் கவனிக்கவில்லை.

மனைவிக்கு ஒரு பழக்கம் இருந்தது. தைப்பொங்கலன்று முற்றத்தில் பொங்கி, சூரியனுக்குப் படைத்ததும், முதல் தட்டை மாடிக்குக் கொண்டுபோவாள். சிஞ்ஞோரா அதில் கஜுவையும் முந்திரிகை வற்றலையும் பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைப் பூனைக்கு வைப்பார். பூனை கொழுத்துப் போய் இருந்தது. தட்டை நீட்டும்போது மனைவி தன் இத்தாலியனில் கேட்பாள்: "சிஞ்ஞோரா, இந்த வருசமும் இருக்கலாமா?" சிஞ்ஞோரா கையை விசிறிக்கொண்டு, "எ துவா, எ துவா" என்பார். உன்னுடையதுதான், உன்னுடையதுதான்.

"உதேன் ஒவ்வொரு வருசமும் கேக்கிறீர்?" என்று நான் ஒருமுறை சினந்தேன்.

"அவ ஒரு வருசத்துக்கெண்டுதானே தந்தவ. வருசம் முடிஞ்சா கேக்கவேண்டாமோ?" என்றாள்.

போன மாரியில் சிஞ்ஞோரா நித்திரையிலேயே போய்விட்டார். அழுவதற்கு நாங்களும் பூனையும்தான் இருந்தோம். கோடை தொடங்க, வடக்கே தொரீனோவிலிருந்து அவருடைய தம்பியின் மகன் வந்தான். அவன்தான் ஒரே உரித்தாளி. ஐம்பது வயது மதிக்கலாம், மரியாதையான ஆள். கட்டடத்தை விற்கப் போவதாகவும், பின்னறைகளைக் கோடை முடியமுன் விட்டுத் தர வேண்டும் என்றும் பணிவாகச் சொன்னான். நான் மாற்றிய ஓட்டுக்குக் கீழே, நான் பதித்த மாபிளில் நின்றுகொண்டு சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சட்டத்தரணி இருந்தார். ஊரில் அப்புக்காத்து, இங்கே அவ்வொக்காத்தோ. பெயரும் ஏறக்குறைய ஒன்று, ஆளும் ஏறக்குறைய ஒன்று. நான் கதையைச் சொல்லச் சொல்ல அவருடைய முகம் மலர்ந்துகொண்டே போனது.

"குப்பை வரி உங்கள் பெயரிலா? மாற்றான் வீட்டுக்குக் குப்பை வரி கட்டுகிற மனிதன் பலேர்மோவில் பிறக்கவில்லை. இது ஒன்றே போதும். சாட்சி இருக்கிறதா?"

இருந்தது. வீதிக்கு எதிர்ப்பக்கம் சலூன் வைத்திருக்கும் மனிதர் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து எங்களைப் பார்க்கிறார். தேவையென்றால் முப்பது வருடம் என்று சொல்லவும் ஆயத்தம் என்றார். இருபது போதும் என்று அப்புக்காத்து அவரை அடக்கினார்.

"ஒரே ஒரு விசயம்," என்றார் பிறகு. "எப்போதாவது அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டீர்களா?"

"கேட்டிருந்தால்?" என்றேன்.

"கேட்பவர் தான் சொந்தக்காரர் இல்லை என்று தானே ஒப்புக்கொள்கிறார். பிறகு அவர் இருந்ததெல்லாம் அந்த அம்மாவின் தயவில் இருந்த இருப்பு. நூறு வருடம் இருந்தாலும் செல்லாது."

அதாவது சட்டத்துக்கு வேண்டியது இருபது வருடம் வெட்கமில்லாமல் இருந்த ஒரு மனிதன். நான் வெட்கமில்லாமல்தான் இருந்தேன். என் பங்கை நான் சரியாகச் செய்தேன்.

"மனைவி பொங்கல் கொடுப்பாள்," என்றேன் மெதுவாக.

"கொடுக்கலாம். வாயை மூடிக்கொண்டு கொடுத்தால் அது அயலுறவு. வாயைத் திறந்தாரா?"

நான் யன்னலால் வெளியே பேருந்துகளைப் பார்த்தேன். அப்புக்காத்து கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை. கெட்டிக்காரர்.

வழக்குக்கு முன்னால் ஒரு மத்தியஸ்தர் முன்னிலையில் இரண்டு பக்கமும் இருந்து கதைத்துப் பார்ப்பது இங்கே கட்டாயம்; எங்கள் நாட்டு இணக்கசபை போல. அதற்கு முதல் நாள் நான் மனைவியைக் குசினியில் இருத்திப் பாடம் எடுத்தேன்.

"நான் பொய் சொல்லமாட்டன்," என்றாள்.

"ஆர் பொய் சொல்லச் சொன்னது? கதையாமல் இரும் எண்டுதான் சொல்லுறன்."

"கேட்டா?"

"விளங்கேல்லை எண்டு முழியும்."

"நல்ல கதை. இவ்வளவு காலம் இவையின்ரை வீடுகளிலை வேலை செய்யிறன், எனக்கு இத்தாலியன் விளங்காதோ? வெக்கமாயிருக்காதோ?"

"வெக்கம் பாத்தா ரோட்டிலைதான் நிக்கவேணும். உமக்கு வீடு வேணுமோ வேண்டாமோ?"

அவள் கல்லறைக் கல்லில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். "எனக்கு வேண்டாமோ?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அந்தக் குரலை நம்பி நான் நித்திரைக்குப் போனேன்.

மத்தியஸ்தர் ஒரு பெண். மேசையின் ஒரு பக்கம் சிஞ்ஞோராவின் மருமகனும் அவனுடைய அப்புக்காத்தும், மற்றப் பக்கம் நாங்களும் எங்களுடையவரும். எங்களுடையவர் ஓடு, குழாய், மாபிள், குப்பை வரி என்று அருமையாகக் கதைத்தார். கேட்கக் கேட்க, இந்த வீட்டை நான்தான் அத்திவாரத்திலிருந்து கட்டினேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. மருமகனின் அப்புக்காத்து வாயே திறக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது மத்தியஸ்தர், சும்மா அன்பாகத்தான், மனைவியைப் பார்த்து, "இறந்த அம்மாவோடு நீங்கள் எப்படிப் பழகினீர்கள்?" என்று கேட்டார்.

"அவ தங்கமான மனுசி," என்று மனைவி தமிழில் தொடங்கி இத்தாலியனுக்கு மாறினாள். "ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் தட்டை அவருக்குத்தான் கொண்டுபோவேன்."

நான் மேசைக்குக் கீழே காலால் தட்டினேன். அது எங்கள் அப்புக்காத்தின் கால்.

"கொண்டுபோய்?" என்றார் மற்ற அப்புக்காத்து. அவர் அன்றைக்குக் கதைத்த முதல் சொல் அது.

"கொடுத்து, இந்த வருசமும் இருக்கலாமா என்று கேட்பேன்."

"ஒவ்வொரு வருடமுமா?"

"வேறென்ன? இன்னொருவருடைய வீடு. கேட்காமல் இருக்க நாங்கள் என்ன கள்ளரா?"

மருமகன் தலையை நிமிர்த்தினான். "என் மாமி என்ன சொன்னார்?" என்று கேட்டான்.

"எ துவா, எ துவா," என்றாள் மனைவி. சிஞ்ஞோரா செய்வது போலவே கையையும் விசிறினாள்.

எங்கள் அப்புக்காத்து துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா! உன்னுடையது என்று கொடுத்துவிட்டார்!"

"கொடுத்திருந்தால் அடுத்த வருடம் ஏன் கேட்டார்?" என்றார் மற்றவர்.

எங்களுடையவர் திரும்பக் கதிரையில் இருந்தார். வழக்குக் கோப்பை மூடினார். வெளியே வந்ததும் எனக்கு விளங்கப்படுத்தினார்: ஒருமுறை கேட்டு, அந்த அம்மா உன்னுடையது என்று சொல்லி, அதற்குப் பிறகு கேட்காமலே இருந்திருந்தால் வாதாட வழி இருந்திருக்கும். மரியாதை அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது.

ஸ்தாசியோனேக்கு முன்னால் நடுவீதியில் நின்று கத்தினேன். "உமக்கென்ன விசரோ? ஒரு நாளைக்கு, ஒரேயொரு நாளைக்கு வாயை மூடேலாதோ?" பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்தது. கவலையில் வந்ததல்ல, கோபத்தில் வந்தது.

"அவ உயிரோடை இருந்து, அவவுக்கு முன்னாலை கேட்டிருந்தா, கேக்கேல்லை எண்டு சொல்லுவமோ?" என்றாள்.

"அவதான் செத்துப்போனாவே!"

"அதுதான். செத்த ஆளை வைச்சுப் பொய் சொல்லேலாதப்பா. அவ வந்து இல்லையெண்டு சொல்லமாட்டா."

அந்தக் கிழமை முழுவதும் நான் பெட்டிகள் சேர்த்தேன். எதையும் கட்டவில்லை, சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தான். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் நின்றுகொண்டு, "உள்ளே வரலாமா?" என்று கேட்டான்.

"உங்கட வீடுதானே, வாங்கோ," என்றாள் மனைவி. தமிழில் சொன்னாள். அவன் விளங்கியதுபோல வந்து கதிரையில் இருந்தான். மாமாவின் கல்லில் வைத்துத் தேத்தண்ணி குடித்தான். கல்லைத் தடவிப் பார்த்தான். மாமி போனில் தன்னோடு கதைக்கும்போது எங்களைப் பற்றிச் சொல்லியிருப்பதாகச் சொன்னான். தன்னிடம் எதையும் கேட்டு எடுக்கிற ஆட்கள் முற்றத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்பாராம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மாடியை மட்டும் விற்கப் போவதாகவும், பின்னறைகளை எங்களுக்கே வாடகைக்குத் தருவதாகவும் சொன்னான். முறையாகப் பதிந்த ஒப்பந்தம், நாலு வருடம், பிறகு இன்னும் நாலு.

நான் கையெழுத்து வைத்தேன். நான் போட்ட கூரைக்கு இப்போது நான் வாடகை கட்டுகிறேன். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: வீட்டில் எதை மாற்றுவதானாலும் முதலில் உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். அப்புக்காத்து அதை விரலால் சுட்டிக் காட்டினார். அது மனைவிக்குப் பழக்கம் என்றேன்.

இந்தத் தைப்பொங்கலுக்கு மாடியில் ஆள் இல்லை. மனைவி முதல் தட்டைக் கல்லில் வைத்துப் படம் எடுத்தாள். வாட்சப்பில் தொரீனோவுக்கு அனுப்பி, கூடவே இத்தாலியனில் குரலும் பதிந்தாள்: "இந்த வருசமும் இருக்கலாமா?"

"விசர்! எட்டு வருசத்துக்கு எழுதி வைச்சிருக்கிறம், இனி என்ன கேள்வி?" என்றேன்.

"எழுதினது வேறை, கேக்கிறது வேறை," என்றாள்.

மத்தியானம் பதில் வந்தது. எழுத்தில் வந்தது: எ வோஸ்த்ரா. உங்களுடையதுதான்.

எழுத்தில்! சொந்தக்காரனே, தன் போனிலிருந்து! மனைவியின் போனைப் பறித்துக்கொண்டு, பொங்கலும் சாப்பிடாமல் அப்புக்காத்திடம் ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு சொல்லையும் வாசித்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதற்கு முதல் உங்கள் மனைவி ஏதாவது கேட்டாரா?" என்றார்.

நான் மேலே இருந்த குரல் பதிவை அழுத்திக் கேட்கவிட்டேன். அவர் போனைத் திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "என்னவாம்?" என்றாள்.

"செல்லாதாம்."

"ஏனாம்?"

"நீர் கேட்டபடியால்."

அவள் அகப்பையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேக்காட்டி அவன் உதைச் சொல்லியிருப்பானோ?" என்றாள்.

இதற்கு அப்புக்காத்திடம் பதில் இருக்கலாம். நான் தட்டை நீட்டினேன்.