சூடு போட்ட நெஞ்சுக்கு மூச்சு தந்தவர்

என் மகள் ரூத்தின் நெஞ்சில் இரண்டு சூட்டுத் தழும்புகள் இருக்கின்றன. சூடு போடும்போது அவளைத் தரையோடு அழுத்திப் பிடித்தது நான்தான். இதை மறைத்துவிட்டு நான் என்ன சாட்சி சொல்வது?

1996. அன்னூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் வேலை செய்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ரூத்துக்கு அப்போது ஏழு வயது. கைக்குழந்தையிலிருந்தே மூச்சிழுப்பு. படுத்தால் பெரிய ஆள் மாதிரி குறட்டை விடுவாள். நல்ல தூக்கம் என்று சிரிப்போம். ஆனால் வகுப்பில் பெஞ்சிலேயே தூங்கி விழுவாள். காலையில் பாய் நனைந்திருக்கும். திமிர் என்று நினைத்து பெல்ட்டால் விளாசினேன். தடுக்க வந்த என் மனைவி எஸ்தருக்கும் விழுந்தது.

சூடு போட்டால் இழுப்பு நின்றுவிடும் என்று ஊரில் ஒருவர் சொன்னார். எஸ்தர் என் காலைப் பிடித்துக் கதறினாள். "வேண்டாமுங்க, புள்ள தாங்காதுங்க!"

அவளை எட்டி உதைத்தேன். நான் ரூத்தை அழுத்திப் பிடிக்க, அந்த ஆள் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்ததும் தோல் கருகிய வாடை வந்தது. கத்தக்கூட மூச்சில்லாமல் ரூத் துடித்தாள். அட பாவி, நானும் ஒரு அப்பனா! இழுப்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு. ஆராதனை நடுவிலேயே ரூத் சாய்ந்து தூங்கிவிட்டாள். பிரசங்கத்துக்கு மேல் குறட்டை கேட்டது. பின்னால் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அறையக் கையை ஓங்கினேன். அந்த நொடி குறட்டை நின்றது. வயிறு எக்கி எக்கி இழுக்கிறது, மூச்சு மட்டும் வரவில்லை. உதடு நீலம் பாரித்தது. உலுக்கினேன், எழவில்லை. அன்றுதான் முதன்முதலாக மனதார ஜெபித்தேன்.

"ஆண்டவரே, நான் பண்ணுன பாவத்துக்கு எம் புள்ளைய எடுத்துக்காதீங்க! மூச்சுக் குடுங்க சாமி!"

உடம்பு தூக்கிப்போட்டது. மூச்சு வந்தது.

எப்போதும் முன்வரிசையில் உட்காரும் நர்ஸ் அக்கா அன்று எங்கள் பக்கத்தில் இருந்தார். அது கர்த்தர் செய்தது. "ஏனுங் தம்பி, இது வெறும் இழுப்பில்லீங்க. தூங்கறப்ப தொண்டை அடைக்குது. நாளைக்கே கோயமுத்தூர் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

டான்சிலும் மூக்குக்குப் பின்னால் வளர்ந்த சதையும் தூக்கத்தில் மூச்சை அடைக்கின்றன என்றார் டாக்டர். அதுவும் இழுப்பும் ஒன்றையொன்று கிளப்பிவிடுமாம். பகல் தூக்கமும் பாய் நனைவதும் அதனால்தானாம். பிறகு தழும்பைப் பார்த்தார்.

"யார் பண்ணுனது?"

"நான்தானுங்க."

அவர் அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. எஸ்தரிடம்தான் பேசினார்.

ஆபரேஷன் முடிந்து வீடு வந்தோம். மத்தியானம் ரூத் சத்தமில்லாமல் தூங்கினாள். எனக்கோ பயம். மூச்சு இருக்கிறதா என்று கன்னத்தைத் தொட்டேன். விழித்தவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"அடிக்காதீங்கப்பா! பாய் நனையலீங்க!"

அவள் காலைப் பிடித்து அழுதேன். கர்த்தரிடம் மூச்சு கேட்டேன், உடனே தந்தார். இந்தப் பயமும் போக வேண்டும் என்று கேட்டேன், அதற்கு இரண்டு வருடம் ஆயிற்று. போன மாதம் அவளாக வந்து என் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கினாள். கை மரத்துப்போயும் நான் அசையவில்லை.

அன்பானவர்களே, பிள்ளை குறட்டை விட்டால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஜெபியுங்கள், டாக்டரிடமும் ஓடுங்கள். ஓங்கிய கையோடு நின்ற என் ஜெபத்தையே கேட்டவர், உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.