சிறுகுறிஞ்சான் தின்ற நாக்கு

அன்றைக்குப் பாவாயி பேருந்தில்தான் போயிருக்க வேண்டும். மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில் கடைசி ஆளுக்குப் பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது பேருந்து கிளம்பிப் போயிருந்தது. அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் ஆகும். காய்ந்த சிறுகுறிஞ்சான் இலை ஆறு கிலோ, மூட்டையாகக் காலடியில் கிடந்தது. கீழே சேந்தமங்கலத்து நாட்டு மருந்துக் கடைக்காரர் உச்சிப் பொழுதுக்குள் வரச் சொல்லியிருந்தார்.

"ஏறிக்குங்க அம்மணி. நானும் அந்தப் பக்கந்தான் போறேன்" என்றார் சின்னராசு. அவருடைய சின்னச் சரக்கு வண்டியில் பலாப்பழம் ஏற்றி முடித்திருந்தார்கள்.

சின்னராசுவுக்கு அடிவாரத்தில் சொந்தக் காடு இருக்கிறது. விவசாயம் போக மீதி நாளில் மலைக்கும் கீழுக்குமாக வண்டி ஓட்டுவார். ஐம்பத்திரண்டு வயது. ஏழு மாதத்துக்கு முன்னால் பாவாயியிடம் முதல்முறை இலைப்பொடி வாங்க வந்தபோது அவருக்குச் சர்க்கரை முந்நூற்றுக்கு மேல் இருந்தது. மூன்றாம் மாதமே ஆய்வகச் சீட்டைக் கொண்டுவந்து சந்தையில் எல்லோருக்கும் காட்டினார். நூற்று ஐம்பதுக்கு இறங்கியிருந்தது. அதற்கப்புறம் அவர் அனுப்பிவைத்த ஆட்கள் மட்டுமே பதினைந்து பேராவது வந்திருப்பார்கள்.

பாவாயிக்கு அதில் பெருமைதான். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; திண்ணனூர் நாட்டில் அவளும் கணவன் சென்றாயனும் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவர்கள். வேலியில் படர்ந்து கிடந்த அந்தக் கொடி விற்கிற சரக்கு என்பது, பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏஜென்ட் வந்து கிலோக் கணக்கில் வாங்கிப் போனபோதுதான் தெரிந்தது. எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று விசாரித்து விசாரித்து அவளே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். பூப்பதற்கு முன்னால் பறிப்பாள். நிழலில்தான் காயவைப்பாள். வேறு இலை ஒன்றுகூடக் கலக்கமாட்டாள். 'சர்க்கரை அடியோடு போயிரும்' என்று யாரிடமும் பொய் சொன்னதில்லை. ஆனால் வாங்குகிறவர் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வண்டி காடுகளைத் தாண்டிக் கொண்டைஊசி வளைவுகளுக்கு வந்தது. மொத்தம் எழுபது. மேலிருந்து இறங்குகிறவர்களுக்கு எழுபதிலிருந்து எண் குறைந்துகொண்டே போகும். சின்னராசு, பாவாயியிடம் வாங்கி வண்டி முகப்பில் போட்டிருந்த சிறுகுறிஞ்சான் கொத்திலிருந்து நாலைந்து பச்சை இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். பச்சையாக மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது. மலைப் பிள்ளைகள் இந்த இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை அள்ளிப் போட்டு, மண்ணாக இருக்கிறதென்று துப்பி விளையாடுவார்கள்.

"இதை மென்னுட்டா டீ, பன்னு மேல ஆசையே வரதில்லீங்க" என்றார்.

"காத்தால சாப்டீங்களாண்ணா?"

"எங்கீங்க. நாலு மணிக்குக் கெளம்புனது. ரெண்டு மாத்திரையைப் போட்டு, உங்க பொடியை நாலு ஸ்பூன் கரைச்சுக் குடிச்சுட்டு வந்துட்டேன். கீழ போய்த்தான் சோறு."

"நாலு ஸ்பூனா? நான் ஒண்ணுதானுங்களே சொன்னேன்?"

"ஒண்ணுக்கே இவ்வளவு கேக்குதுன்னா நாலுக்கு எப்படிக் கேக்கும்" என்று சிரித்தார்.

மாத்திரை என்று அவர் சொன்னது பாவாயியின் மனதில் எங்கோ உறுத்தியது. ஏன் என்று பிடிபடவில்லை.

அறுபதாவது வளைவில் அவர் ஹாரன் அடிக்கவில்லை. எந்த வளைவிலும் இரண்டு முறை அடிக்காமல் திரும்பாத மனிதர். மறந்திருப்பார் என்று நினைத்தாள். ஐம்பத்தாறில் வண்டி வலப்பக்கம் அகலமாகப் போய் மண்ணில் ஏறி இறங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் நெற்றியிலிருந்து வியர்வை தாரையாக ஓடியது. சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"அண்ணா, ஒடம்புக்கு முடியலீங்களா? வண்டியை ஓரமா நிறுத்துங்க."

"ராதிகா, கதவைச் சாத்து. மழை வருது" என்றார் அவர்.

ராதிகா அவருடைய மனைவி. மழையும் இல்லை.

"அண்ணா, நான் பாவாயிங்க. நிறுத்துங்க."

அவர் எரிச்சலோடு ஏதோ முனகினார். நாக்குக் குழறியது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தொன்று. கீழே பேருந்து ஒன்று ஏறி வருவது மரங்களுக்கிடையே தெரிந்தது. ஐம்பதாவது வளைவுக்கு இறங்கும் சரிவில் இவர்கள் வண்டி வருவதைப் பார்த்துப் பேருந்து ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடித்தார். சின்னராசு அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வண்டி வேகம் கூடிக்கொண்டே போனது.

இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரு கைப்பிடி இருக்கும். சரக்கு ஏற்றும்போதெல்லாம் வண்டி உருளாமலிருக்க அவர் அதைத்தான் மேலே இழுத்து வைப்பார். பாவாயி பார்த்திருக்கிறாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தன் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தாள். வண்டியின் பின்பக்கம் ஒருபக்கமாகச் சறுக்கியது. பலாப்பழங்கள் தடதடவென்று உருண்டன. ஒன்று தடுப்புச்சுவரைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போனது. அது எங்கோ கீழே மரத்தில் மோதிய சத்தம் கேட்டபோது வண்டியின் மூக்கு அதே சுவரில் இடித்து நின்றிருந்தது. எஞ்சின் அணைந்துபோனது.

பேருந்து நடத்துநர் வேல்முருகன்தான் முதலில் ஓடிவந்தான். பின்னாலேயே பத்துப் பேர். சின்னராசுவை இறக்கிச் சாலையோரம் சாய்த்து உட்காரவைத்தார்கள்.

"காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்திருக்காரு" என்றது ஒரு குரல்.

"இல்லீங்க. குடிக்கல. நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்" என்றாள் பாவாயி.

அவர் கைகள் வெடவெடவென்று நடுங்கின. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும்தான் போன சந்தையில் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. 'பத்து மணிக்கு மேல கை நடுங்குதுங்க. ஒரு டீ குடிச்சா நின்னுபோகுது.' அவள் பித்தமாக இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். டீயில் அப்படி என்ன இருக்கிறது? சர்க்கரைதான். நாலு ஸ்பூன் பொடி, இரண்டு மாத்திரை, வெறும் வயிறு. உறுத்தியது என்னவென்று அவளுக்கு இப்போது பிடிபட்டுவிட்டது.

"யாருகிட்டயாச்சும் சர்க்கரை இருந்தாக் குடுங்க. சீக்கிரங்க."

"சுகர்காரருக்குச் சர்க்கரை குடுத்தா செத்துப்போவாரும்மா" என்று ஒரு பெரியவர் தடுத்தார்.

"கொறஞ்சு போச்சுங்க. ஏறல. கொறஞ்சு போச்சு."

பேருந்திலிருந்த ஒரு பெண் வீட்டுக்கு வாங்கிப்போன சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். வேல்முருகன் தன் தண்ணீர்ப் பாட்டிலில் பாதிவரை சர்க்கரையைக் கொட்டிக் குலுக்கினான். சின்னராசு ஒரு வாய் வாங்கி அப்படியே துப்பினார். பாட்டிலைத் தட்டிவிட்டார்.

"மண்ணைக் கரைச்சுக் குடுக்கறீங்களா?"

இரண்டாம் முறையும் துப்பினார். வேல்முருகன் பாவாயியைப் பார்த்தான். "என்னக்கா இது? சர்க்கரையைப் போய் மண்ணுங்கறாரு. புத்தி பெரண்டுபோச்சா?"

பாவாயிக்குத் தெரியும். அவள் வேலியில் பறித்த இலை அவர் நாக்கின் மேல் இன்னும் உட்கார்ந்திருந்தது. பானை நிறையப் பாகு கொடுத்தாலும் இன்னும் அரைமணி நேரத்துக்கு அவருக்கு அது மண்தான். அரைமணி நேரம் அவர் தாங்கமாட்டார். கண் சொருகத் தொடங்கியிருந்தது. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவர் காதருகே குனிந்தாள். "அண்ணா, இது கசாயமுங்க. மண்ணாட்டந்தான் இருக்கும். ராதிகா காய்ச்சிக் குடுத்தாங்க. குடிச்சிருங்க."

ஏழு மாதமாகக் காலையும் மாலையும் கசப்பைக் குடித்துப் பழகிய மனிதர். கசாயம் என்றதும் வாயைத் திறந்தார். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. முகத்தைச் சுளித்துக்கொண்டே பாட்டிலை முடித்தார்.

கால்மணி நேரம் கழித்து அவர் தலையை நிமிர்த்தி, "வண்டி ஏன் இங்க நிக்குது?" என்று கேட்டார்.

மலைமேல் வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கு வந்துவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பம் தங்கள் காரில் அவர்களை ஏற்றிக்கொண்டது. மிச்சமிருந்த ஐம்பது வளைவுகளிலும் பாவாயி அவர் கையை விடவில்லை. கை சூடாக இருக்கிறதா, குளிர்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தபடியே வந்தாள்.

அடிவாரத்து மருத்துவமனையில் விரலில் குத்திப் பார்த்தார்கள். அவ்வளவு சர்க்கரையும் குடித்த பின்னும் அறுபதுதான் இருந்தது. செய்தி கேட்டு ராதிகா ஓடிவந்திருந்தாள். மருத்துவர் ஓர் இளம்பெண். "மாத்திரையைக் கூடப் போட்டுட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, எப்பவும் போடறதுதான்" என்றாள் ராதிகா.

"வேற எதாவது மருந்து?"

"இல்லீங்களே."

ராதிகா பொய் சொல்லவில்லை. இலையை அவள் மருந்தாக நினைக்கவே இல்லை. கதவோரம் நின்ற பாவாயியின் கையில் மூட்டை இருந்தது. அவள் யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது. வழியில் உதவிய பெண் என்று நினைத்திருப்பார்கள். அப்படியே திரும்பி நடந்திருக்கலாம். நடந்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவள் மூட்டையை மருத்துவரின் மேசைமேல் வைத்தாள்.

"அவரு என்னோட இலையும் சாப்பிடறாருங்க" என்றாள். "சிறுகுறிஞ்சான். இன்னைக்கு நாலு ஸ்பூன். நான்தான் விக்கறேன்."

ராதிகா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

மருத்துவர் மூட்டையைப் பிரித்து ஓர் இலையை எடுத்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று பாவாயி காத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை. "இந்த இலை சர்க்கரையக் கொறைக்கும்மா. அதை நான் இல்லைன்னு சொல்லமாட்டேன். மாத்திரையும் கொறைக்கும். ரெண்டும் சேந்தா எவ்வளவு கொறையும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். "இவர இன்னைக்கு அனுப்ப முடியாது. மறுபடி எறங்கும்."

இறங்கியது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நாற்பத்தெட்டு. செவிலியர் ஓடினார். இன்னொரு குளுக்கோஸ் பாட்டில் மாட்டினார்கள். பெஞ்சில் ராதிகாவும் பாவாயியும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா மத்தியானமே ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சண்ட போட்டிருப்பேன்" என்றாள் ராதிகா, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு. பிறகு, "ஏழு மாசத்துல ஒரு வார்த்த கேட்டிருக்கலாங்க்கா" என்றாள்.

பாவாயி மூட்டையைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

மூன்றாம் நாள் சின்னராசு வீடு திரும்பினார். மாத்திரையைப் பாதியாக்கி, வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லி, இலையை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அவர் தப்பிவிட்டார். பாவாயிக்குத்தான் வீட்டில் சோறு இறங்கவில்லை. இன்னும் எத்தனை பேர்? யார் யாருக்குக் கொடுத்தோம் என்று படுக்கும்போதும் மிளகுக் கொடி கட்டும்போதும் விரல்விட்டு எண்ணினாள். முகம் நினைவிருந்தது. பெயரும் ஊரும் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

அடுத்தடுத்த சந்தைகளில் வந்தவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டாள். மாத்திரை சாப்பிடறீங்களா, ஊசி போடறீங்களா, டாக்டருக்குத் தெரியுமா? சிலர் பயந்துபோய்ப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்கள். சிலர் சிரித்தார்கள். "ஏவாரம் கெட்டுப்போகும் பாத்துக்க" என்று பக்கத்துக் கடை ருக்குமணி எச்சரித்தாள். தவறாமல் வருகிற அப்பாசாமி மட்டும் இரண்டு சந்தையாகக் காணவில்லை.

அவர் வாசலூர்பட்டியில், ஏரிக்கரையோரம் அன்னாசிப்பழம் வெட்டி விற்கிறவர். பாவாயி பேருந்து பிடித்துப் போனாள். கடை சாத்தியிருந்தது. மயங்கிக் கிடப்பாரோ என்ற பயத்தோடு வீட்டுக்கு நடந்தாள். அப்பாசாமி கட்டிலில் நன்றாகவே உட்கார்ந்திருந்தார். ஆனால் வலது காலில் துணி சுற்றியிருந்தது. கிட்டே போனதும் நாற்றம் அடித்தது.

"முள்ளுக் குத்துனதுங்க. ஒரு மாசமா ஆறல."

"மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?"

"உங்க இலை இருக்கறப்ப மாத்திரை எதுக்குங்க? எப்பவோ நிறுத்திட்டேன்."

சின்னராசுவுக்கு நேர்ந்ததற்கு நேரெதிராக இங்கே நடந்திருந்தது. பாவாயி துணியை அவிழ்த்துப் பார்த்தாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார் அவர். இலையை அரைத்துக் கட்டினால் போதாதா என்றார்.

"இந்த எலைக்கு அவ்வளவு சக்தி இல்லீங்க. விக்கற நானே சொல்றேன். எந்திரிங்க" என்றாள். அவர் எழும்வரை கட்டிலை விட்டு நகரவில்லை.

மருத்துவமனையில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் முழங்கால்வரை போயிருக்கும் என்று சொன்னார்களாம்.

பாவாயி இப்போதும் இலை விற்கிறாள். முன்பு விற்றதில் பாதிகூட இல்லை. போன சந்தையில் வெளியூர்க் கார்க்காரர் ஒருவர் வந்து, அம்மாவுக்கு நாலு பொட்டலம் வேண்டும் என்று கையை நீட்டினார்.

"அம்மா என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"என்னமோ சுகர் மாத்திரை. உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?"

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. அடுத்த சந்தைக்கும் இங்கதான் இருப்பேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தார். நாலு கடை தள்ளி, அதே இலை விற்கும் இன்னொருவரிடம் குனிந்து பொட்டலம் வாங்குவது தெரிந்தது. பாவாயி எழுந்து அவர் பின்னால் போனாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கார் கிளம்பியிருந்தது.