தவளக்குப்பம் பஸ்ஸில் என் முதல் பாட்டு

கல்லூரியில் இசைத் தயாரிப்பு படிக்கும் நான், என் முதல் பாட்டை முடித்திருந்தேன். பாடியது என் தோழி ஸ்டெல்லா, கீபோர்டு நான். அன்று பதினோரு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். சிறந்த பாட்டுக்குச் சென்னை ஸ்டுடியோவில் பயிற்சி!

தவளக்குப்பத்தில் பஸ் ஏறியதும் ஆசை தாங்கவில்லை. பென் டிரைவை டிரைவரிடம் நீட்டினேன்.

"அண்ணே, நான் பண்ண பாட்டு. ஒரு தடவ போடுறீங்களா?"

போட்டார். ஸ்பீக்கர் அதிர்ந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாட்டு முடிந்ததும், பூக்கூடையோடு பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார்.

"மியூசிக்கு நல்லாருக்கு. அந்தப் பொண்ணு என்னம்மா பாடுது? ஒண்ணுமே கேக்கலியே!"

சுருக்கென்றது. ஸ்டெல்லாவின் குரலுக்கு மேலே என் கீபோர்டை ஏற்றி வைத்தது தெரியாமல் செய்ததல்ல.

பஸ் நின்றதும் கல்லூரிக்கு ஓடினேன். கீபோர்டின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன். பத்து ஐம்பதுக்கு ஸ்டெல்லா ஹெட்போனை மாட்டினாள். கேட்கக் கேட்க அவள் கண்கள் விரிந்தன.

"ஏய், என் குரல என்னடி பண்ண? சூப்பரா இருக்கு!"

"ஒண்ணும் பண்ணலடி. நீ பாடினதுதான்."

துள்ளிக் குதித்துக் கட்டிக்கொண்டாள். நானும் குதித்தேன். அதுவரை அந்தக் குரலை அமுக்கி வைத்திருந்தது நான்தான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.