பீரில் கரையாத கல்

என் வீட்டுக்காரர் பாண்டிச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தும் குடிக்காதவர். விழுப்புரத்தில் இருக்கும் என் தம்பியால் இதை நம்பவே முடியாது. "ஊரே உங்க ஊருக்கு வந்து குடிக்குது, நீ இங்கயே இருந்துட்டு டீ குடிக்கிறியே மாமா" என்று கிண்டல் செய்வான். அப்படிப்பட்ட மனுஷனையும் குடிக்க வைத்தது சிறுநீரகக் கல்.

அவர் ஆட்டோ ஓட்டுகிறார். சவாரிக்கு நடுவே ஒதுங்க இடம் தேட வேண்டுமே என்று பகலில் தண்ணீர் பக்கமே போகமாட்டார். ஒருநாள் காலாப்பட்டு சவாரி முடித்து வந்தவர், இடது விலாவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சுருண்டுவிட்டார். யூரிட்டரில் (சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்குச் சிறுநீர் இறங்கும் குழாய்) கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. மாத்திரை கொடுத்து, மறுபடி ஸ்கேனுக்குக் கட்டாயம் வரச் சொன்னார்கள்.

அதற்குள் தம்பி பையோடு வந்துவிட்டான். "ரெண்டு பீர் உட்டா கல்லு தானா ஓடிடும் மாமா. இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" எங்கள் ஊரில் இந்த வைத்தியத்தைச் சொல்லாத ஆள் உண்டா! இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கஷாயம் மாதிரி எவர்சில்வர் டம்ளரில் குடித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சில நாட்களில் வலி சுத்தமாக நின்றது. கல் வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. "வலியே இல்ல, இன்னொரு ஸ்கேன் தண்டம்" என்றுவிட்டார் இவர். தம்பிக்கு வீட்டில் டாக்டர் மரியாதை.

மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் குளிர்காய்ச்சல் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"கல்லு எங்கயும் போகல, அங்கயே அடைச்சிட்டு நிக்குது" என்றார் டாக்டரம்மா.

"வலி நின்னுடுச்சேம்மா?" என்றேன்.

"அடைப்பு இருந்தாலும் சில பேருக்கு வலி அடங்கிடும். கிட்னி மட்டும் சத்தமில்லாம கெட்டுட்டே இருக்கும்." ஹைட்ரோநெஃப்ரோசிஸ் (சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குதல்) என்றார். சீழும் பிடித்திருந்தது.

"கிட்னிய எடுத்துடுவீங்களா?"

"மொதல்ல சீழ வடிப்போம். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

தம்பி மேல் எனக்கு வந்த ஆத்திரம்! நறுக்கென்று கேட்டுவிடத்தான் வெளியே வந்தேன். அவன் வராந்தாவில் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தான். பாவி, திட்டவும் விடவில்லை.

ஸ்டென்ட் (அடைப்பைத் தாண்டிச் சிறுநீரை இறக்கும் மெல்லிய குழாய்) வைத்தார்கள். காய்ச்சல் தணிந்த பின் லேசரால் கல்லை உடைத்தார்கள். பிறகுதான் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். எடுக்க வேண்டியதில்லை என்றார் டாக்டரம்மா. ஆனால் பாதிகூடத் தேறவில்லை, போனது திரும்பாது என்றும் சொன்னார்.

"மீதி எத்தன வருஷம் வரும்?" என்று கேட்டார் இவர்.

"நீங்க வெச்சுக்கறதுல இருக்கு. தண்ணி நெறைய குடிங்க, உப்பக் கொறைங்க, வலி மாத்திரைய நீங்களா வாங்கிப் போடாதீங்க. வருஷா வருஷம் வந்து காட்டுங்க."

இப்போது ஆட்டோவில் பெரிய தண்ணீர் பாட்டில் இருக்கிறது. அவசரம் என்றால் சவாரிக்காரரிடமே சொல்லிவிட்டு ஒதுங்குகிறார். சிறுநீரின் நிறத்தைச் சாப்பாட்டு நேரத்தில்கூட என்னிடம் சொல்கிறார், அந்தக் கூச்சமெல்லாம் எப்போதோ போய்விட்டது. வலித்தால் நோய், நின்றால் சுகம் என்று இருந்த என் கணக்கும் போய்விட்டது. அவர் நிம்மதியாகத் தூங்கும்போதுதான் எழுந்து நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்க்கிறேன்.

போன வாரம் ஸ்கேனுக்குக் கிளம்பினோம். "மறுபடியும் வலியா அண்ணே?" என்று பதறினாள் பக்கத்து வீட்டுக்காரி.

"இல்லம்மா, வலியே இல்ல" என்றார். "அதான் பாத்துட்டு வந்துடலாம்னு போறோம்."