இடது பக்கச் சக்கரம்

ஜீப் ரிப்பேருக்குச் செலவுக் கணக்குப் போட்ட அந்தக் காகிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது தொகை இல்லை, கையெழுத்து. குண்டு குண்டாக, கோட்டை விட்டு இம்மியும் நகராத எழுத்து. உள் பேரிங் இரண்டு, வெளி பேரிங் இரண்டு, ஆயில் சீல் இரண்டு, கிரீஸ், கூலி என்று வரிசையாக எழுதி, கூட்டித் தொகை போட்டு, அதற்கு அடியில் இரட்டைக் கோடு வேறு. பொம்பளைக் கையெழுத்து என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இது ஆரு எழுதுனது?" என்று கேட்டேன்.

"மெக்கானிக் பாய் கையெல்லாம் கிரீசு. அவுக சொல்லச் சொல்ல கங்காணி எழுதுச்சு," என்றார் என் வீட்டுக்காரர், சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போது எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். விடியும் முன்னே ஊருக்குள் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களில் கொண்டுபோய் விடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். அந்தப் பெண்களை வீடு வீடாகப் பேசிச் சேர்ப்பவள்தான் கங்காணி. மலையாளம் பேசுவாள். தோட்டத்து முதலாளி அவளோடுதான் பேசுவார். எந்த ஜீப்பாக இருந்தாலும் முன் சீட்டு கங்காணிக்கு. இது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் மலையைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் நானும் கிளம்பினேன். தலை நிறைய மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு நேராக முன் சீட்டுக்குப் போனேன். "அது கங்காணி சீட்டு. நீ பின்னாடி ஏறிக்க," என்றார். பதினாலு பொம்பளைகளின் தூக்குவாளிகளுக்கு நடுவே இடுங்கி உட்கார்ந்து, முன்னால் தெரிந்த அவள் கொண்டையைப் பார்த்துக்கொண்டே மலையேறினேன். மலையை நான் பார்க்கவே இல்லை.

அவளுக்குப் புருசன் உண்டு. திராட்சைத் தோட்டத்தில் வேலை, தங்கமான மனுசன். இரண்டு பிள்ளைகள். என் வீட்டுக்காரரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்டால் ஆச்சா? ஊரில் எத்தனை அண்ணன்களைப் பார்த்திருக்கிறோம்! ராத்திரி வீட்டுக்கு வந்தால் அவர் வாயில் கங்காணி அதைச் சொல்லுச்சு, கங்காணி இதைக் கேட்டுச்சு என்பதுதான் வரும். நான் வைத்த குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எனக்கு வயிறெரிந்தது. அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

வண்டியில் சத்தம் வந்ததையும் அவள்தான் கண்டுபிடித்தாளாம். "வலது பக்க முன் சக்கரத்துல ஊம்முன்னு ஒரு சத்தம் வருதுண்ணே, வேகம் கூடக்கூட அதுவும் கூடுது," என்றாளாம். இவர் அதைச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கேட்காமல் வேறு யாருக்குக் கேட்கும்? பால் பொங்குவதை அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிப்பவள் நான். என்னை அந்தச் சீட்டில் உட்கார வைத்திருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லியிருப்பேன்.

"பாய் தப்பாப் போட மாட்டாக. ஆனாலும் நாயமான ரேட்டான்னு நீ ஒருக்கா பாரு," என்று அவரே என்னிடம் காகிதத்தை நீட்டினார். என் அப்பா மளிகைக்கடைக்காரர். விலை விசாரிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் அதை நியாயம் பார்க்கவா வாங்கினேன்? ஒரு ரூபாயாவது கூடுதலாக எழுதியிருப்பாள், கமிஷன் அடித்திருப்பாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று வாங்கினேன்.

மறுநாள் பஸ் ஏறித் தேனிக்குப் போனேன். கடைவீதியில் உதிரிபாகம் விற்கும் முதல் கடையில் காகிதத்தைக் கொடுத்ததும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. "அட, பேரிங் நம்பரக்கூட கரெக்டா எழுதியிருக்கீகளே!" என்றார். நான் எழுதவில்லை என்று சொல்லத் தோன்றவில்லை. ஒரிஜினல் விலை காகிதத்தில் இருந்ததேதான். "டூப்ளிகேட்டு பாதி விலைக்குத் தாரேன். ஆனா மலையேறுற வண்டிக்கு அதப் போடாதீக," என்றார். இரண்டாவது கடையில் இருபது ரூபாய் அதிகம் சொன்னார்கள். மூன்றாவது கடையிலும் அப்படித்தான்.

சரி, கூலியிலாவது மாட்டுவாள் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "ரெண்டு சக்கரத்தையும் கழட்டி, பழசத் தட்டி எடுத்து, புதுசு ஏத்தி, கிரீசு வச்சு மாட்டணும். இந்தக் கூலிக்கு நான் செய்ய மாட்டேம்மா. நாயமாத்தேன் போட்டிருக்காக," என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நியாயமாக இருக்கிறதே என்று அழுகை வந்தது எனக்கு மட்டுமாகத்தான் இருக்கும்.

விடாமல் கேட்டேன்: "சத்தம் வலது பக்கந்தான வருது? இடது பக்கம் எதுக்கு மாத்தணும்?"

"பாய் கழட்டிப் பாத்துட்டுத்தான எழுதியிருக்காரு? உள்ள பேரிங்குல புள்ளி விழுந்து தேஞ்சிருக்கும். சத்தம் வர நாளாகும், ஆனா வந்துரும். பாக்காத நான் வேணாம்னு சொல்லக் கூடாது," என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் சின்னமனூர் வரும்வரை அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கச் சக்கரத்துக்கு மேலே என் புருசன். இடது பக்கச் சக்கரத்துக்கு மேலே அவள். அவள் காலை நீட்டி உட்கார்ந்து போவதற்கு என் வீட்டுக் காசில் புது பேரிங்கா? இப்படித்தான் யோசித்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்து எல்லா இரண்டையும் அடித்து ஒன்று ஆக்கினேன். அந்த அழகான எழுத்தின் மேல் கொஞ்சம் அழுத்தியே அடித்தேன்.

"தேனி மெக்கானிக்கே சொல்லிட்டாரு, ஒரு பக்கம் போதுமாம்," என்றேன் அவரிடம். "சத்தமே வராத சக்கரத்த எதுக்குப் பிரிக்கணும்? ஒங்க கங்காணிக்கு எழுதத் தெரியும், அம்புட்டுத்தேன்."

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "பாய் ரெண்டும்னாக. சரி, நீ கேட்டுட்டு வந்தா சரியாத்தேன் இருக்கும்," என்றார். அன்றைக்கு முட்டைக் குழம்பு வைத்து, இரண்டு முட்டையையும் அவர் இலையிலேயே போட்டேன்.

பாய் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஓனர் சொன்னால் செய்கிறேன் என்று கடைசியில் வலது பக்கத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார். சத்தம் நின்றது. இரண்டு மாதம் என் ஆட்டம் தாங்கவில்லை. எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில், தண்ணீர்க் குழாயடியில் எல்லாம் பேரிங் விஷயமாகப் பேசினேன்.

அப்புறம் ஒருநாள் காலை, மலையிலிருந்து இறங்கிவந்த பால்வண்டிக்காரர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார். இடது சக்கரம் இறுகிப்போய், வளைவில் ஜீப் ஓரச் சுவரில் மோதிவிட்டது. மேலேறுகிற வண்டி, வேகமில்லை. "பின்னாடி இருந்தவுகளுக்கு ஒண்ணுமில்ல. முன்னாடி இருந்தவுகளுக்குத்தேன் அடி," என்றார்.

முன்னாடி இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் புருசன். தெருவே கூடி நிற்க, நான் கேட்டேன்: "கங்காணிக்கு என்னாச்சு?"

பதறித்தான் கேட்டேன். என்னால் நடந்தது என்ற பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. இனிமேல் அவள் அந்தச் சீட்டில் உட்கார மாட்டாள் அல்லவா என்று ஒரு நினைப்பு. அரை நொடிதான் இருக்கும். ஆனால் இருந்தது.

கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவருக்குத் தோள்பட்டை வீங்கியிருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "பாய் சொன்னாக, நாந்தேன் கேக்கல," என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் பெயரை எடுக்கவே இல்லை. அவளுக்கு நெற்றியில் ஆறு தையல். முன்பல் ஒன்று போயிருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பால்வண்டிக்காரர் எனக்கு முன்னால் வந்து, வாசலில் நான் கேட்டதைச் சொல்லியிருக்கிறார்.

"ஒம் புருசனக்கூட கேக்காம என்னையத்தேன் மொதல்ல கேட்டியாம்ல, ஆத்தா," என்றாள். பல் போன இடத்தில் காற்றடிக்க, தேம்பித் தேம்பி அழுதாள். "கூடப் பெறந்தவகூட அப்பிடிக் கேக்க மாட்டா."

அதை அவள் அன்றோடு விடவில்லை. கல்யாண வீட்டில், காதுகுத்தில், எங்கே என்னைப் பார்த்தாலும் நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லுவாள். அவள் சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பெருமையாகப் பார்ப்பார். அத்தனை வருசமும் அவளிடமிருந்து நான் பிடுங்கப் பார்த்தது அந்தப் பார்வையைத்தான். அது எனக்கே எனக்கென்று கிடைத்த பிறகு, ஒரு தடவைகூட என்னால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.