பொரி அள்ளி எறிந்த வெளிச்சம்

சுலோஜனா தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே பிட்டு விற்கிறார். வாகரைக்குப் புதிதாக வருபவர்கள், முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்துத் திரும்பிவிடுவார்கள். ஒருநாள் ஓட்டமாவடியிலிருந்து மீன் எடுக்க வந்த முனாப்பும் மோட்டார் சைக்கிளைத் திருப்பப் போனார்.

“இல்லையெண்டா வாயால சொல்லலாமே தங்கச்சி!”

“ஆர் இல்லையெண்ட? சுடச்சுட இரிக்கி, நில்லுங்க நானா. தலைய இப்பிடி அங்கால இங்கால கிறுக்கினாத்தான் முன்னால நிக்கிறது ஆளா மரமா எண்டு எனக்குத் தெரியும்.”

அவர் போட்டிருக்கும் கறுப்புக் கண்ணாடியின் நடுவில் ஒரு சின்னக் கமரா இருக்கிறது. அதிலிருந்து ஒரு வயர் இடுப்பிலுள்ள பெட்டிக்குப் போகிறது. கமரா காண்பதை அந்தப் பெட்டி, பின்மண்டைக்குள் மூளையின் மேல் வைத்திருக்கும் நகமளவு தகட்டுக்கு அனுப்புகிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவை பொய்க் கண்கள்.

சுனாமி அவருடைய வீட்டையும் தாயையும் கொண்டுபோனது. தாயின் கை அவர் பிடியிலிருந்துதான் நழுவியது. இரண்டு வருடம் கழித்து, சண்டைக்குப் பயந்து ஒதுங்கியிருந்த இடத்தில் விழுந்த ஷெல், கணவன் திவாகரனையும் அவருடைய இரண்டு கண்களையும் எடுத்தது. அப்போது மகள் கம்சாயினி வயிற்றில். பிறந்த பிள்ளையின் முகத்தைத் தாய் கண்டதேயில்லை.

“கையால தடவித் தடவிப் பாத்திரிக்கன். மூக்கு அவட அப்பாட மூக்குத்தான். நிறந்தான் கையில படுகுதில்ல” என்றார் என்னிடம்.

சுவிஸிலிருக்கும் அவருடைய அண்ணன்தான் இந்தப் பரிசோதனை சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டு அங்கே கூப்பிட்டார். கண் போனாலும் மூளையில் பார்வைக்குரிய இடம் சும்மாதான் கிடக்கிறது, அங்கே நேரே தட்டிப் பார்க்கிறோம் என்றார்கள் டொக்டர்மார். பழைய பார்வை வராது, வெளிச்சப் பொட்டுகள் மட்டுமே தெரியும் என்பதையும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சுலோஜனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதுவும் காதில் ஏறவில்லை. மகளின் முகத்தைக் காணப்போகிறோம் என்ற நினைப்பிலேயே தலையை மொட்டையடிக்கக் கொடுத்தார்.

“முதல் நாள் பெட்டிச் சுவிச்சப் போட்டாங்க. இருட்டுக்குள்ள ஆரோ பொரி அள்ளி எறிஞ்ச மாதிரி இருந்திச்சி. நான் சிரிச்ச சிரிப்பில டொக்டர் பயந்திட்டார்.”

மாதக்கணக்கில் பழகியபின் ஊருக்கு வந்தார். விமான நிலையத்தில் கம்சாயினி முன்னால் போய் நின்றாள்.

“அம்மா, நான்தான். தெரியிதா?”

நெட்டையாக ஒரு பொட்டுக் குவியல். கண்ணில்லை, மூக்கில்லை. பக்கத்துத் தூணும் அப்படியேதான் தெரிந்தது. தாய் தலையைத் தூணுக்கும் தனக்குமாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு மகள் உடைந்துபோனாள்.

“எனக்கும் தூணுக்கும் வித்தியாசமே இல்லையா?”

“இரிக்கி மகள். நீ நடுங்கிறாய்.”

ஊரில் அந்தப் பொட்டுகளோடு அவர் குடித்தனம் நடத்தும் விதமே தனி. குசினிச் சுவருக்குக் கரி பூசியிருக்கிறார், பிட்டின் ஆவி வெள்ளையாக எழும்புவது தெரியவேண்டுமென்று. கொடியில் காய்ந்த சாறியைப் பக்கத்து வீட்டு றஸீனா என்று நினைத்து, மிளகாய் விலையைப் பற்றி நெடுநேரம் கதைத்ததை அவரே சொல்லிச் சிரிக்கிறார். “அவவும் மறுபேச்சுப் பேசாமக் கேட்டுக்கிட்டு நிண்டா, பாவம்!”

இந்தத் தை மாதம் அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தார். தகட்டால் வந்த வினை. காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரத்துக்கு மேல் பெட்டியைப் போடக்கூடாது, சீக்கிரம் வந்து தகட்டை எடுத்துவிட வேண்டும் என்று சுவிஸிலிருந்து டொக்டர் சொன்னார்.

“எடுக்க மாட்டன். இத்தின வருசம் இருட்டுக்குள்ள இருந்திட்டன், போதும்” என்று சுலோஜனா கத்தினார்.

“எனக்கு அம்மாதான் வேணும். உங்கட பொட்டு வேணாம்” என்று கம்சாயினி அதற்கு மேல் கத்தினாள்.

 சில நாட்கள் கழித்து ஒரு காலை, பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டே, “சரி மகள், எடுக்கட்டும்” என்றார் தாய்.

சுவிஸுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வெயில் தணிந்த நேரம்.

“என்னக் கடலடிக்குக் கூட்டிட்டுப் போ மகள்.”

கம்சாயினி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில்தான் வீடு. ஆனாலும் சுனாமிக்குப் பிறகு அவர் கரை மணலை மிதித்ததில்லை.

மகள் கையைப் பிடித்து நடத்திப் போனாள். ஈரமணலில் நின்று சுலோஜனா பெட்டியைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. திடீரென்று மூச்சை இழுத்தார்.

“வெள்ளையா ஒரு கோடு வருகுது.”

“அலைதான் அம்மா. சின்னது. காலடியத்தான் நனைக்கும்.”

சுலோஜனா அவள் பிடியிலிருந்து கையை உருவினார். அதே கையால் மகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து, குதிகாலை மணலில் ஊன்றி நின்றார்.