எஸ்டிமேட்டில் விட்டுப்போன ஏற்றம்

டெண்டர் கவரைப் பெட்டியில் போட்டு இரண்டு நாள் கழித்துத்தான் நான் செய்த தப்பு எனக்குத் தெரிந்தது. கோவிந்தாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒருவர் மாட்டுக்கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார். சிமெண்ட் கல் ஏற்றிய டிராக்டர் பின்பக்கமாக வந்து அஸ்திவாரத்தை ஒட்டி நின்றது. இரண்டு பேர் நின்ற இடத்திலிருந்தே கல்லை இறக்கினார்கள். காப்பி டம்ளரோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான் உள்ளே போய் எஸ்டிமேட் நகலை எடுத்துப் புரட்டினேன்.

டெண்டர் போட்டது கேரளத்தில், பீர்மேட்டு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கக்கூஸும் தடுப்புச் சுவரும் கட்டும் வேலை. இடம் பார்க்கப் போனபோது ஜீப் ஒரு வளைவோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் படிதான். போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டே ஏறினேன். மேலே போய் நீளம், அகலம், ஆழம் எல்லாம் டேப் பிடித்து அளந்தேன். கல், சிமெண்ட், மணல், கொத்தனார் கூலி, ஜீப் வாடகை வரைக்கும் எழுதினேன். அந்தப் படியில் இத்தனையும் யார் தலையில் ஏறும் என்பதை மட்டும் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் வண்டி போகாத கட்டடம் கிடையாது, அதனால் என் கை பழகிய எஸ்டிமேட்டில் அப்படி ஓர் ஐட்டமும் கிடையாது. ஏறியது காலுக்குத் தெரிந்தது, கணக்குக்குத் தெரியவில்லை. மடையன்.

கவரைத் திரும்ப வாங்க முடியாது. வேலை எனக்கு விழுந்து, நான் மாட்டேன் என்றால் டெபாசிட் போய்விடும். டெபாசிட் என்றால் என் மனைவியின் வளையல். அதை அடகு வைத்துத்தான் கட்டியிருந்தேன். வேலையை எடுத்தாலோ படியில் ஏற்றும் சுமைகூலி லாபத்தை முழுங்கிவிடும், அப்போதும் வளையல் வராது. வேறு எவனாவது என்னைவிடக் குறைத்துப் போட்டிருந்தால்தான் தப்பிக்கலாம்.

அடுத்த மூன்று நாளும் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை.

“ஏனுங்க, முட்டைக்கு எடந் தேடற கோழியாட்டம் ஊட்டுக்குள்ள இப்பிடிச் சுத்தறீங்க?” என்றாள் மனைவி. சொன்னேன். அவள் தன் வெறுங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“டெண்டர் கெடைக்கோணும்னு வேண்டறவங்களைப் பாத்திருக்கறன். கெடைக்கக்கூடாதுன்னு வேண்டறவரை இப்பத்தான் பாக்கறன். போயிட்டு வாங்க. வளையல் என்ன, கையோடயா பொறந்துச்சு?”

அவள் அப்படிப் பேசியது எனக்கு எரிச்சலை இன்னும் கூட்டியது. திட்டியிருந்தால் தேவலை.

கவர் பிரிக்கிற நாளன்று பொள்ளாச்சி, தேனி, குமுளி என்று பஸ் மாறிப் போய், நேரத்துக்கு முன்பே சேர்ந்துவிட்டேன். ஆபீசுக்குப் போகாமல் அந்தப் படிக்குப் போய் எண்ணினேன். நூற்று நாற்பதுக்கு மேல் மூச்சு வாங்கி எண்ணிக்கை தப்பிவிட்டது.

ஆபீசில் மேனேஜர் மூன்று கவரையும் பிரித்தார். நான்தான் குறைவு. ஆனால் மற்ற இரண்டும் என்னுடையதற்குக் கொஞ்சம்தான் மேலே இருந்தன. அது எப்படி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. எழுந்து சொல்லிவிட்டேன்.

“சார், என்ற ரேட்டுல ஒரு ஐட்டம் விட்டுப்போச்சுங்க. ஜீப் நிக்கற எடத்துல இருந்து மேல ஏத்தற கூலி.”

அவர் காகிதத்திலிருந்து நிமிரவே இல்லை. “அது யாரும் போடறதில்ல. லயத்து ஆளுகளே கூலியில்லாமத் தூக்கிருவாங்க. அவங்களுக்குத்தானே கக்கூஸ்?”

பக்கத்தில் இருந்த இரண்டு காண்டிராக்டர்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் மறக்கவில்லை, தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள். எதைத் தப்பு என்று நினைத்து நான் மூன்று நாள் தூங்காமல் கிடந்தேனோ, அதுதான் அங்கே வழக்கம்.

அப்பாடா என்று இருந்தது. முதலில் வந்தது அந்த நிம்மதிதான், பொய் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

கீழே வளைவில் ஜீப்புக்காக நின்றிருந்தபோது, கொழுந்துச் சாக்கோடு ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். லயத்தில் கடைசி வீடு என்றார்.

“அண்ணே, கக்கூஸ் வேல உங்களுக்குத்தான் விழுந்திருக்காம்ல? எத்தன கல்லு வரும்? எத்தன மூட சிமிட்டி?”

எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். அவர் விரலை மடக்கினார்.

“பன்னெண்டு வீடு. ரெண்டு வீட்டுல கெழடுக, அவுகளால ஏலாது. பத்து வீட்டாளுக தூக்குனா நாலு ஞாயித்துக்கெழம ஆகும்ணே. மழைக்கு முன்ன ஆரம்பிச்சிருங்க. போன மழையில எங்க வீட்டுக்காரரு இந்தப் படியிலதான் விழுந்தாரு. இன்னும் இடுப்பு நிமிரல.”

நான் விட்ட ஐட்டத்தை அரை நிமிஷத்தில் போட்டு முடித்துவிட்டார். ரேட்டு மட்டும்தான் அதில் இல்லை.

“கூலி குடுத்தர்றனுங்க” என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

“குடுத்தா வேணாம்னா சொல்லப் போறோம்?” என்று சிரித்துவிட்டுப் படியேறினார். நம்பிய மாதிரி தெரியவில்லை.

மழைக்கு முன் ஆரம்பித்தோம். அவர் சொன்னபடி சரியாக நாலு ஞாயிற்றுக்கிழமை. ஆணும் பெண்ணும் தலையில் சும்மாடு வைத்து, தலைக்கு இரண்டு கல்லாக ஏற்றினார்கள். கீழே நிற்க முடியாமல் நானும் வெறுங்கையோடு மேலும் கீழும் ஏறி இறங்கினேன். முதல் இரண்டு ஞாயிறு எல்லாருக்கும் முழுக்கூலி கொடுத்தேன். அதற்குள் அடகுக் கடையிலிருந்து போன் வந்தது, வட்டி ஏறுகிறது என்று. மூன்றாவது ஞாயிறு கொடுக்கவில்லை. நாலாவதும் இல்லை. யாரும் கேட்கவில்லை. அந்தக் கடைசி வீட்டுப் பெண்ணும் கேட்கவில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது எனக்குப் பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார்.

வளையல் வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி பாத்திரம் கழுவும்போது கையில் சத்தம் போடும். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.